தைலிக்கு வைத்த சோறு

காரைக்கால்ல இருந்து நூத்தம்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால கெளம்புன பாய்மரக் கப்பல் சென்-மார்சல் துறைமுகத்துக்கு வந்து சேந்த அன்னைக்குக் காலையில, நான் சவர பிளேடு வாங்கலாம்னு கரையில எறங்கியிருந்தேன். என் பேரு ரொசாரி மச்சாது, ஊரு தூத்துக்குடி, இருபத்தோரு வருஷமா கப்பல்ல பொழப்பு. இப்ப போசன், அதாவது மேல்தளத்துல வேலை பாக்குற ஆளுகளுக்கு மேஸ்திரின்னு வச்சுக்கிடுங்க. என் வாயில பொய்யே வராதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா இந்த விஷயத்துல பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. நம்புறவன் இருந்து கேக்கட்டும், நம்பாதவன் எந்திரிச்சுப் போய் டீ குடிக்கட்டும்.

சென்-மார்சல் கரீபியன் கடல்ல பிரெஞ்சு பேசுற ஒரு சின்னத் தீவோட துறைமுகம். தீவுதான் சின்னது, துறைமுகம் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஒரு பக்கம் வாழைக்காயைப் பெட்டி பெட்டியா ஏத்திக்கிட்டு இருப்பான், ஒரு பக்கம் எங்க கப்பல் மாதிரி கன்டெய்னர் கப்பலுக்கு மேல கிரேன் ஆடிக்கிட்டே இருக்கும், நடுவுல சுற்றுலாக் கப்பல் வந்து ரெண்டாயிரம் பேரை எறக்கிவிட்டுப் போகும், அந்த ரெண்டாயிரம் பேரும் தொப்பியைப் போட்டுக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாம நிக்க, டாக்ஸிக்காரன் கையைப் பிடிச்சு இழுக்க, தர்பூசணி விக்கிறவன் வழியை மறிக்க, மீன்காரப் பொம்பளைங்க நாலு பாஷையில நாலு பேரை ஒரே மூச்சுல வைய, பக்கத்துத் தீவுக்குப் போற படகு சங்கு ஊத, எவனும் எவன் பேச்சையும் கேக்காம எல்லாரும் பேசிக்கிட்டே இருப்பாங்க. அப்படிப்பட்ட எடம், காலையில ஒம்பது மணிக்குச் சட்டுன்னு அடங்கிப்போச்சு. கிரேன் நின்னுச்சு. டாக்ஸிக்காரன் தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டான். நான் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேன்.

செத்ததுமில்ல, ஒண்ணுமில்ல. வழக்கமாம். வெளிநாட்டுக் கப்பல் கட்டுற நாள்லாம் நடக்குமாம். துறைமுகத்து ஓரத்துல ஒரு கல் மேடை, பக்கத்துல மூங்கில் கம்புல செவப்புக் கொடி. மீன் சந்தையில இருந்து ஜொசெத் நகப்பேன்னு ஒரு பொம்பளை, அறுபது வயசிருக்கும், கறுத்த, தாட்டியான உடம்பு, ஒரு எனாமல் தட்டை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வந்தா. தட்டை மேடையில வச்சா, பக்கத்துல ஒரு செம்பு தண்ணி வச்சா. எட்டிப் பாத்தா, தட்டுல நீச்சத்தண்ணியோட பழைய சோறு, உரிச்ச ரெண்டு சின்ன வெங்காயம், சுட்ட கருவாட்டுத் துண்டு. எனக்கு வாயில எச்சி ஊறுனது ஒரு பக்கம், இங்க எப்படி இதுன்னு மண்டை காய்ஞ்சது ஒரு பக்கம். அப்பத்தான் அந்தச் சந்தை மொத்தமும், கறுப்பும் வெள்ளையும் கலப்பும், மீன்காரியும் போலீஸ்காரனும், ஒரே கொரல்ல சொன்னாங்க:

"தைலி, கால் அலம்பிட்டு வந்து சாப்பிடு."

சுத்தத் தமிழ். ஒரு எழுத்துப் பிசகல, பாத்துக்கிடுங்க.

பக்கத்துல போய்க் கேட்டேன். ஜொசெத் பக்கத்து இங்கிலீஷ் தீவுல பத்து வருஷம் மீன் வித்தவ, அதனால எனக்கும் அவளுக்கும் இங்கிலீஷ்ல ஓடிச்சு. "இது கப்பல்களோட தாய்க்கு வைக்கிற படையல், கப்பக்காரா. நீ பேசாம தொப்பியைக் கழட்டு"ன்னா. இது மந்திரம், அர்த்தம் தாய்க்கு மட்டும்தான் தெரியும், எங்க குடும்பம் நாலஞ்சு தலைமொறையா ஒரு கப்பல் விடாம வைக்குது, அதனாலதான் இந்தத் துறைமுகத்துல இருந்து போன கப்பல் ஒண்ணும் முங்கினதில்லன்னு சொன்னா. விட்டு விட்டு மூணு தடவை சொல்லணுமாம், அப்புறம் சோத்தைக் கடல்ல கொட்டிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போகணுமாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, இது மந்திரமும் இல்ல மண்ணும் இல்ல, சாமிக்குப் போய் எவனாவது நீச்சத்தண்ணியும் கருவாடும் வைப்பானா, இது பசியோட வர்ற ஒரு ஆளுக்கு எடுத்து வைக்கிற சோறு"ன்னேன். அவ என்னை மொறைச்ச மொறைப்புல நான் ரெண்டு அடி பின்னால போயிட்டேன்.

அந்தப் பாய்மரக் கப்பல் வந்தது அப்பத்தான். துறைமுகத்துக்காரங்க அதுக்காக ஒண்ணும் பதறல. எந்தக் கப்பல் வந்தாலும் எடம் குடுக்கணும்ங்கிறது விதி, அதனால கப்பலுக்கு வழி காட்டிக் கூட்டியாற பைலட் படகுல போனாரு, கயித்து ஏணியில ஏறுனாரு, வாழைக்காய்க் கப்பலுக்கும் எங்க கப்பலுக்கும் நடுவுல மூணாம் நம்பர் எடத்துல கொண்டாந்து கட்டுனாரு, பதிவுப் புத்தகத்துல வரவேண்டிய நாளையும் வந்த நாளையும் எழுதி, தாமதத்துக்குக் காரணம்ங்கிற கட்டத்துல காத்து இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. அந்தக் கப்பலோட கேப்டன் ஒரு சிடுமூஞ்சி, தாடியெல்லாம் உப்புப் பூத்துப் போயிருந்துச்சு. நடுக்கடல்ல நாப்பது நாள் காத்து நின்னுபோச்சு, வேற ஒண்ணும் ஆகல, மத்த ஆளுகளையெல்லாம் முன்னாடித் தீவுகள்ல எறக்கியாச்சு, இந்த ஊருக்கு ஒரே ஒரு சீட்டுத்தான், தண்ணியும் எலுமிச்சங்காயும் குடுங்க, நாலு மணிக் காத்துக்கு நான் காரைக்காலுக்குத் திரும்பிப் போகணும்னாரு. சரின்னுட்டாங்க.

அந்த ஒரே ஒரு சீட்டு பலகையில எறங்கி வந்தா. இருபத்திரெண்டு, இருபத்து மூணு வயசு இருக்கும். முரட்டுச் சேலை, இடுப்புல ஒரு மூட்டை, கழுத்துல கயித்துல கோத்த தகர வில்லை, அந்தக் காலத்துல தோட்டக் கூலிக்குக் கப்பல் ஏறுறவங்களுக்குக் கட்டி விடுறது, அதுல ஒரு நம்பர். தரையில கால் வச்சதும் ஆடுனா, அஞ்சு மாசம் கடல்ல கெடந்தவளுக்குத் தரை நிக்காது, அது எங்களுக்குத் தெரியும். இங்க மேடைகிட்ட மூணாவது தடவை சொன்னாங்க, "தைலி, கால் அலம்பிட்டு வந்து சாப்பிடு."

அவ திரும்பிப் பாத்தா. தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யாருதான் திரும்ப மாட்டாங்க. கூட்டத்தைப் பாத்தா, தட்டைப் பாத்தா, செம்பைப் பாத்தா. நேரா வந்தா. மூட்டையை எறக்கி வச்சா, செம்பை எடுத்து எடது காலை அலம்புனா, வலது காலை அலம்புனா, ஈரக் கல்லு மேலயே சம்மணம் போட்டு உக்காந்து, சோத்தைப் பெசஞ்சு சாப்பிட ஆரம்பிச்சா. ஒரு சத்தம் இல்ல. பாதித் தட்டு காலியானதும் நிமிந்து, "மொளகா இல்லியா?"ன்னு கேட்டா.

அந்த ஊர்ல அது என்னைத் தவிர ஒருத்தனுக்கும் புரியல. நான் ஓடிப்போய்க் காய்கறிக் கடையில அந்த ஊரு மொளகா ஒண்ணு எடுத்துக் குடுத்தேன், குட்டையா உருண்டையா இருக்கும், நம்ம மொளகாவுக்கு அது அப்பன். கடிச்சவளுக்குக் கண்ணுல தண்ணி கொட்டிருச்சு. "காரம் சாஸ்தியா இருக்கே அண்ணே"ன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டு மறுபடியும் கடிச்சா.

அவ சாப்பிட உக்காந்ததுல இருந்து, தாயே வந்துட்டான்னு ஊரே முட்டி போட்டுக்கிட்டு இருந்துச்சு. அவ மூக்கை உறிஞ்சினதும் மீன்காரப் பொம்பளைங்கதான் மொதல்ல எந்திரிச்சாங்க. தாய்தான் வந்திருக்கா, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்த் திரை போட்டு உக்கார வைக்கணும், யாரும் தொடக்கூடாதுன்னு அந்தச் செவப்புக் கொடிக்குப் பூசை பண்ற பூசாரி ஒருத்தரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. "இவ தாய் இல்லைய்யா, கப்பல்ல வந்து களைச்சுப்போன பொண்ணு, பாத்தாத் தெரியல?"ன்னு ஒருத்தி அவரை ஒதுக்கிட்டு ஒரு ஸ்டூலைக் கொண்டாந்து போட்டா. அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு, ஒருத்தி செருப்பு, ஒருத்தி சீப்பு, ஒருத்தி பூப்போட்ட கவுனு, ஒருத்தி இளநி. டாக்ஸிக்காரங்க வண்டியைச் சுத்தி நிறுத்தி நெழல் பண்ணுனாங்க. படம் எடுக்க வந்த சுற்றுலாக்காரங்களை ஒரு போலீஸ்காரன், இது வீட்டு விஷயம்னு சொல்லித் திருப்பி அனுப்புனான். பத்து மணிக்கெல்லாம் கிரேன் மறுபடி ஆட ஆரம்பிச்சிருச்சு. அவளைப் பாக்க வந்த கூட்டம் மட்டும் மீன் வாங்குற வரிசை மாதிரி ஒழுங்கா நின்னுச்சு.

குடிவரவு அதிகாரி ஒரு பெரிய பையோட வந்தாரு. விசா இல்ல, பாஸ்போர்ட் இல்ல, ஆனா இவளை உள்ள விடலாம்னு அந்தக் காலத்துல குடுத்த அனுமதியை யாரும் இதுவரைக்கும் ரத்து பண்ணல, அதனால செல்லும்னாரு. நம்ம ஊர்ல இருந்தா மூணு கையெழுத்துக்கு முப்பது நாள் அலைய விட்டிருப்பான், அது வேற. "யாரைப் பாக்க வந்திருக்கா, புருஷன் பேரு என்ன, கேளு"ன்னாரு. கேட்டேன். தைலி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் திரும்பக் கேட்டேன். "அவங்க பேரை நான் எப்புடிண்ணே சொல்லுறது?"ன்னா.

அதிகாரிக்கு இது வெளங்கல. புருஷன் பேரு தெரியாதான்னாரு. தெரியும், சொல்ல மாட்டான்னேன். ஏன் சொல்ல மாட்டான்னாரு. எங்க ஊர்ல அந்தக் காலத்துப் பொம்பளைங்க சொல்ல மாட்டாங்க, சொன்னா அவருக்கு ஆகாதுன்னு பயம்னேன். அவரு பேனாவை மூடி வச்சிட்டு, அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு என்னையே கேட்டாரு. தைலி கழுத்து வில்லையைத் தொட்டுக் காட்டி, "அவங்க நம்பரு சொல்லலாம். முன்னூத்திப் பதினாறு. ரெண்டு வருஷம் முன்னாடி வந்தாங்க"ன்னா. ஊரை விட்டுக் கெளம்பும்போது அவரு வில்லையில இருந்ததை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா.

ஒரு குமாஸ்தா பழைய காகிதக் கெடங்குக்குப் போயிட்டு, தலையெல்லாம் தூசியா ஒரு பெரிய புத்தகத்தோட பதினோரு மணிக்கு வந்தாரு. விரலை வச்சுப் படிச்சாரு. முன்னூத்திப் பதினாறு, நாகப்பன், காரைக்கால், கரும்புத் தோட்டம். அதுக்குக் கீழ செத்துப்போன வருஷம். அதுக்குக் கீழ பிள்ளைங்க பேரு ஏழு. நாகப்பன்ங்கிற எடத்துல ஜொசெத் மீன் கூடையைப் பிடிச்சுக்கிட்டே தரையில உக்காந்துட்டா. அதைத்தான் அவ குடும்பம் நாலஞ்சு தலைமொறையா நகப்பேன்னு தன் பேருக்குப் பின்னால எழுதிக்கிட்டு இருந்துச்சு.

"நீதான் சொல்லணும் கப்பக்காரா"ன்னா ஜொசெத். எனக்குக் கோவம் வந்துச்சு. பிளேடு வாங்க வந்தவன் தலையில ஏன் இதைக் கட்டுறீங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. எங்க கப்பலும் நாலு மணிக்குத்தான் கெளம்புது, பேசாம போயிருக்கலாம், போகல. ஸ்டூலுக்கு முன்னால குத்த வச்சு உக்காந்தேன்.

"தங்கச்சி, நீ வந்த கப்பல் ரொம்பப் பிந்திப் போச்சு"ன்னேன்.

"தெரியும்ணே. எறங்கும்போதே தெரிஞ்சுது. இங்க ஒண்ணும் நான் நெனச்ச மாதிரி இல்ல. அவங்க இருக்காங்களா?"

"இல்லம்மா."

அவ அழுகல. அந்தப் பூப்போட்ட கவுனை மடியில வச்சு மடிச்சுக்கிட்டே இருந்தா. எத்தனை வருஷம் இருந்தாங்கன்னா. நீ கெளம்புனதுக்கு அப்புறம் முப்பத்தொம்பது வருஷம்னேன். நீ கப்பல் ஏறிட்டேன்னு அவருக்கு லெட்டர் வந்திருந்துச்சு, கப்பல் வரல, முங்கிருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, அவரு நம்பலன்னு, தன் வீட்டுல வழிவழியா வந்த கதையை ஜொசெத் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

"தனியாவா இருந்தாங்க?"

இங்க நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்றதுக்கு வாயையும் தொறந்தேன். அவ என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. "இல்லம்மா. யூடோக்சின்னு ஒரு பொம்பளை. இந்த ஊருக்காரி, கரும்பு வெட்டுனவ. ஏழு பிள்ளைங்க"ன்னேன்.

அவ மடிச்ச கவுனை ஓரமா வச்சா. அப்புறம் தட்டைக் காட்டி, "இதை யாரு ஆக்குனா?"ன்னா.

ஜொசெத்கிட்ட கேட்டேன். அவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, அந்தக் கதையும் இந்தப் படையலும் ஒண்ணுன்னு இன்னைக்குத்தான் வெளங்குதுன்னு சொன்னா. கப்பல் வர்ற நாளெல்லாம் நாகப்பன் தட்டோட வந்து நிப்பாராம், சோத்தை மொத நாளே ஆக்கித் தண்ணி ஊத்தி வச்சது யூடோக்சியாம். அவரு செத்த பொறகு அவ தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து, அவரு சொன்ன அதே வார்த்தையை அவரு சொன்ன மாதிரியே சொல்லி, இருபத்திரெண்டு வருஷம் நின்னாளாம். சாகும்போது மகளைக் கூப்பிட்டு, காய்ச்சல்ல கெடந்தாலும் ஒரு கப்பலையும் விட்டுராத, யாருக்குன்னு கேக்காதன்னாளாம். கேக்கக்கூடாதுன்னு சொன்னதனால, சாமிக்குத்தான் இருக்கும்னு பின்னால வந்தவங்க எடுத்துக்கிட்டாங்க. தப்பா எடுத்தாங்க, ஆனா தவறாம வச்சாங்க.

நான் தமிழ்ல சொல்லி முடிக்கவும் தைலி, "அவ பேரு என்ன சொன்னீங்க?"ன்னா. யூடோக்சின்னேன். சொல்லிப் பாத்தா, வாயில நிக்கல. மறுபடி சொன்னா. நாலாவது தடவை சரியா வந்துச்சு. "நான் வந்துடக்கூடாதுன்னு அவ சாமியைக் கும்பிட்டிருக்கணும்ணே. நானா இருந்தா அப்புடித்தான் கும்பிட்டிருப்பேன். அவ எனக்குச் சோறு ஆக்கி வச்சிருக்கா"ன்னா. அப்பத்தான் அழுதா. நானும் அழுதேன், சொல்ல வெக்கமில்ல.

மத்தியானத்துக்குள்ள விஷயம் தீவு பூரா பரவி, நாகப்பன் வழி வந்தவங்க எழுபத்து மூணு பேரு வந்து நின்னாங்க. தபால்காரன், நர்ஸு, பள்ளிக்கூடத்து வாத்தியார், கிரேன்ல இருந்து எறங்கி வந்த ஒருத்தன், எல்லாரும் அவளை விட மூத்தவங்க இல்லாட்டி ஒத்த வயசுக்காரங்க, எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியாம கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. அவ எந்திரிச்சு ஒவ்வொரு மொகமா பாத்துக்கிட்டே போனா. யாரைத் தேடுறான்னு எல்லாருக்கும் தெரியும், அதனால வெயில்ல ஒருத்தரும் அசையல. கிரேன்காரன்கிட்ட வந்ததும் நின்னா. எட்டி அவன் காதைத் தொட்டா. "காது அவங்க காது"ன்னு சொல்லிச் சிரிச்சா. அந்த ஆறடி மனுசன் கண்ணு கலங்கிக் குனிஞ்சு நின்னான். என் வீட்டுல ஒரு ரூம் சும்மாக் கெடக்கு, இங்கயே இருக்கச் சொல்லுன்னு ஜொசெத் என்னைப் பிடிச்சு உலுக்குனா. ஒரு ரூம் என்ன, அன்னைக்கு அந்த ஊர்ல அவளுக்கு நூறு ரூம் கெடைச்சிருக்கும்.

மூணரைக்கு அந்தப் பாய்மரத்துல மணி அடிச்சான். தைலி மூட்டையை எடுத்தா.

"காரைக்காலுக்குத் திரும்பிப் போற கப்பல் இதுதானே?"

ஆமான்னேன்.

"எம் பொண்ணை எங்க அக்காகிட்ட விட்டுட்டு வந்தேன். செவந்தி. நாலு முடிஞ்சு அஞ்சு. பழைய சுங்கச் சாவடிக்குப் பின்னால வீடு. அஞ்சு வருஷத்துல அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன். அவ வாசல்ல உக்காந்துகிட்டு வழியையே பாத்துக்கிட்டு இருப்பா."

தைலி சொன்னதை நான் இங்கிலீஷ்ல சொல்ல, ஜொசெத் கேட்டா. கேட்டுட்டு என் சட்டையைப் பிடிச்சுட்டா. "அந்தப் பிள்ளையும் போயிருச்சுன்னு சொல்லு. நூத்தம்பது வருஷம் ஆச்சுன்னு சொல்லு. தெரிஞ்சா போக மாட்டா, எங்களோட இருப்பா. சொல்லலேன்னா அந்தக் கடல்லயே அவளைக் கொல்றவன் நீதான்." நியாயம்தான். திரும்புறதுக்கும் அதே காத்துத்தான், எப்பப் போய்ச் சேருவாளோ, போனா யாரு இருப்பா? எழுபத்து மூணு பேரை விட்டுட்டு ஒருத்தரும் இல்லாத ஊருக்குப் போறா, ஒரு வார்த்தை சொன்னா நின்னுருவா. நான் அவ பக்கம் திரும்பி, தங்கச்சின்னேன்.

"சொல்லாதீங்கண்ணே"ன்னா.

நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்ல.

"எனக்கும் கணக்குப் போடத் தெரியும். ஆனா நீங்க சொல்லாத வரைக்கும் அவ அங்க வாசல்ல உக்காந்துதான் இருப்பா. சொல்லிட்டீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவா."

எனக்கு ஆறு வயசுல ஒரு மக. அடுத்த மாசம் வந்துருவேன், அடுத்த மாசம் வந்துருவேன்னு ரெண்டு தடவை ஒப்பந்தத்தை நீட்டி அவகிட்ட போன்ல சொல்லிக்கிட்டே இருந்தவன் நான். வாயை மூடிக்கிட்டேன். அது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி பேசுறவனைக் கண்டா எரிச்சல்தான் வருது.

ஜொசெத் என் சட்டையை விட்டா. அப்புறம் சந்தைப் பக்கம் திரும்பி ரெண்டே வார்த்தைதான் சொன்னா, அடுத்த நிமிஷம் வாழைத்தாரும் இளநியும் ரொட்டியும் கருவாட்டு மூட்டையும் ஆள் மேல ஆளா அந்தக் கப்பலுக்குள்ள போக ஆரம்பிச்சிருச்சு. சிடுமூஞ்சிக் கேப்டன் எடமில்ல எடமில்லன்னு கத்துனதை ஒருத்தரும் கேக்கல. அதிகாரி அனுமதிக் காகிதத்துல போறதுக்கும் முத்திரை குத்தி, எப்ப வந்தாலும் இது செல்லும்னு எழுதிக் குடுத்தாரு. தைலி ஜொசெத்தோட ரெண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணுல ஒத்திக்கிட்டா. ஒருத்தி பேசுனது இன்னொருத்திக்குப் புரியல, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி ரெண்டு பேரும் கேக்கவும் இல்ல.

பலகையில ஏறப் போனவ நின்னு, எங்க கப்பலை அண்ணாந்து பாத்தா. "உங்க கப்பலுக்குக் காத்து வேண்டாமா?"ன்னா. வேண்டாம்மா, எஞ்சின்னு ஒண்ணு இருக்குன்னேன்.

"அப்ப நீங்க எனக்கு முந்திப் போயிடுவீங்க. போய்ச் செவந்திகிட்ட சொல்லிடுங்க, அம்மா கெளம்பியாச்சுன்னு."

சொல்லிடுறேன்மான்னேன். நாலு மணிக்குக் காத்து வந்துச்சு. அவ கப்பல் முன்னால போச்சு, எங்க கப்பல் பின்னால போச்சு, முனை தாண்டினதும் எங்க எஞ்சின் வேகம் எடுத்து அவளைத் தாண்டிருச்சு. பின்தளத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், பாய் தெரியிற வரைக்கும்.

ஒரு மாசம் கழிச்சு ஜொசெத் போன்ல பேசுனா. இனிமே யாருக்குச் சோறு வைக்கிறதுன்னு ஊர்ல ரெண்டு நாள் சண்டையாம், கடைசியில திரும்பவும் வருவா, வைக்கிறதை நிறுத்தக்கூடாதுன்னு முடிவாகி, இப்ப தட்டுல ஒரு மொளகாயும் வைக்கிறாங்களாம்.

நான் மூணாவது தடவை ஒப்பந்தத்தை நீட்டல. வீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்துட்டுக் காரைக்காலுக்கு பஸ் ஏறுனேன். பழைய சுங்கச் சாவடி எங்கன்னு காட்ட ஆளில்ல, ஒருத்தர் காட்டுன எடத்துல பேங்க் இருக்கு, அதுக்குப் பின்னால வண்டி நிறுத்துற எடம். வாசல்னு சொல்ல அங்க ஒண்ணுமில்ல. வெயில்ல சுத்திச் சுத்தி வந்து, கடைசியில மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். அங்க ஏலக் கூடத்துக்கு மேல ஒரு சின்ன ரூம், அதுல மைக்கு வச்சுக்கிட்டு கலியமூர்த்தின்னு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. கடல்ல காத்து எப்படி, டீசல் எப்ப, யாரோட அடையாள அட்டை கீழ கெடந்துச்சுங்கிறதையெல்லாம் கரை பூரா கேக்குற மாதிரி சொல்றது அவரு வேலை.

எனக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. ஆரம்பிச்சேன், எல்லாத்தையும் சொன்னேன். கலியமூர்த்தி நடுவுல ஒரு தடவைதான் பேசுனாரு, "நாப்பது நாள் காத்து நிக்கிறது உண்டுதான்"னாரு. முடிச்சதும் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் பொண்ணு பேரைக் கேட்டு எழுதிக்கிட்டாரு. மைக்கைத் தட்டிப் பாத்தாரு. தெக்குக் காத்து பலமா இருக்கு, சின்னப் படகு போக வேண்டாம்னாரு. ஐஸ் வண்டி பத்தரைக்கு வரும்னாரு. அப்புறம் அதே கொரல்ல, "பழைய சுங்கச் சாவடிக்குப் பின்னால இருக்கிற செவந்திக்கு ஒரு தகவல். அம்மா கெளம்பியாச்சு. செவந்திக்குத் தகவல். அம்மா கெளம்பியாச்சு"ன்னாரு.

கீழ ஏலம் நின்னுச்சு. கூடையைத் தலையில வச்சிருந்த பொம்பளைங்க அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பாத்தாங்க. யாரு செவந்தின்னு ஒருத்தி கேக்குறது மேல வரைக்கும் கேட்டுச்சு, இன்னொருத்தி உதட்டைப் பிதுக்குனா, அப்புறம் ஏலம் ஆரம்பிச்சிருச்சு. நாங்க ரெண்டு பேரும் கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். ஐஸ் வண்டி வந்துச்சு, போச்சு. பன்னெண்டு மணி வரைக்கும் ஒருத்தரும் மேல ஏறி வரல. நான் எந்திரிச்சேன். கலியமூர்த்தி அந்தத் துண்டுக் காகிதத்தைக் கிழிச்சுப் போடல, மேசைக் கண்ணாடிக்கு அடியில தள்ளி நீவி விட்டாரு.

"நாளைக்கும் சொல்லவா?"ன்னு கேட்டாரு.